ஆர்கனுக்குப் பின்னால் நின்றவர்

என் கால்கள்தான் முதலில் என்னைக் காட்டிக்கொடுத்தன.

பாளையங்கோட்டை விடுதிப் பள்ளியில் படித்த காலத்திலிருந்து நான் வாசித்து வந்தது மிதி ஆர்மோனியம். உட்கார்ந்ததுமே இரண்டு பாதங்களும் பலகைகளை மாறி மாறி மிதிக்க ஆரம்பித்துவிடும். அது காற்றுக்காக. பத்து வருஷப் பழக்கம். மலையாளக் கரையோர மட்டாஞ்சேரி தேவாலயத்துக் குழல் ஆர்கன் முன்னால் முதல் தடவை உட்கார்ந்தபோதும் பாதங்கள் தம்பாட்டுக்கு மிதித்தன. ஆனால் அந்த ஆர்கனில் காலடியில் இருந்தது காற்றுப் பலகை அல்ல. அதுவும் ஒரு கட்டை வரிசைதான். கையால் வாசிக்கிற வரிசையைப் போலவே, ஆனால் ஒவ்வொரு கட்டையும் என் முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மரக்குழல். நான் மிதித்ததும் இரண்டு எருமைகள் மாறி மாறி முனகுவது போல ஒரு சத்தம் கிளம்பி ஜன்னல் கண்ணாடிகளை நடுங்க வைத்தது.

ஆர்கனுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் சிரிக்கிற சத்தம் கேட்டது. உடனே அடக்கிக்கொண்ட சிரிப்பு.

"டீச்சரே, காத்து நான் தர்றேன். கால வெறுதே, சும்மா வச்சுக்கங்க," என்றது குரல்.

அது ராவுத்தருடைய குரல். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். நான் ராவுத்தரண்ணன் என்பேன். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். மிளகும் சுக்கும் அடுக்கி வைக்கும் கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்கும் வேலை. அவருடைய தகப்பனார் காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், கிடங்கில் இரண்டும் கலந்தது.

நான் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனது ஐம்பதுகளின் நடுவில். என் வீட்டுக்காரருக்கு வெலிங்டன் தீவில் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலையில் படகில் போய்ச் சாயங்காலம் படகில் வருவார். நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தேன். எங்கள் சபையில் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள்தான். துறைமுகம், ரயில்வே, நகராட்சி, ஆஸ்பத்திரி என்று வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் நாகர்கோவில் பக்கமிருந்தும் வந்தவர்கள். தேவாலயம் மட்டும் எங்களுடையதாகத் தோன்றாது. வெள்ளைக்கார வியாபாரிகள் தங்களுக்காகக் கட்டியது. காலையில் அவர்களுடைய ஆங்கில ஆராதனை. எங்களுக்குப் பிற்பகல் நாலு மணி, வெயில் முகத்தில் அடிக்கிற நேரம்.

அந்த ஆர்கனும் அவர்களுடையதுதான். பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்ததை இங்கே சேர்த்துக் கட்டினார்களாம். கைக்கு ஒரு வரிசை, காலுக்கு ஒரு வரிசை, பக்கவாட்டில் ஆறு மரக் குமிழ்கள். ஒரு குமிழை இழுத்தால் ஒரு கூட்டம் குழல்களுக்கு வழி திறக்கும். இன்னொன்றை இழுத்தால் வேறொரு கூட்டம். முன்னால் வரிசையாகத் தெரியும் ஈயநிறக் குழல்கள் முழக்கமாகப் பேசும். உள்ளே ஒளிந்திருந்த மரக்குழல்கள் புல்லாங்குழல் போல ஒலிக்கும். ஒரு கம்பெனி அதிகாரியின் மனைவி அதை வாசித்து வந்தார். நான் அவரை இரண்டு தடவை தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கணவருக்கு வேலை முடிந்து அவர்கள் கப்பலேறியபோது ஆர்கன் சாவியைப் போதகரிடம் கொடுத்துவிட்டுப் போனார். காலை ஆராதனைக்கு வருகிறவர்களும் அதற்குள் ஏழெட்டுப் பேராகச் சுருங்கியிருந்தார்கள். ஆர்கன் பூட்டியே கிடந்தது.

மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயம் ஒன்று அந்த ஆர்கனைக் கேட்டு எழுதியது. சபைக் கமிட்டியில் அதைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அதை மிகவும் வலியுறுத்தியவர் எங்கள் பாட்டுத் தலைவர். நகராட்சியில் குடிநீர்க் குழாய் இன்ஸ்பெக்டர். கணீரென்ற குரல். கீர்த்தனைகளைத் தாளம் தப்பாமல் சபையையே இழுத்துக்கொண்டு போவார்.

"அது நிக்கிற எடத்துல ரெண்டு பெஞ்சு போடலாம் ஐயா," என்றார் போதகரிடம். "சின்னப் பிள்ளைங்கல்லாம் தரையில உக்காந்திருக்கு. நமக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் போதும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் போதகர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உனக்கு அது வாசிக்க வருமா?" என்று கேட்டார்.

வரும் என்றேன். அதுவரை நான் அதைத் தொட்டதுகூட இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் தெரியவில்லை. அதன் அடைத்த மூடிக்கு முன்னால் ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து ஆர்மோனியம் மிதித்து மிதித்து, மூடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசை ஊறிப்போயிருந்தது போலும்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம்," என்றார் போதகர். "அதுக்குள்ள சபைக்குப் பயன்பட்டா இருக்கட்டும். இல்லன்னா மலைக்குப் போகட்டும்."

அது ஜூன் மாதம்.

ஆர்கனுக்குக் காற்று வேண்டும். காற்றுக்கு ஆள் வேண்டும். சுவருக்கும் ஆர்கனுக்கும் நடுவே ஒருவர் நிற்கிற அளவுக்கு ஒரு சந்து. அங்கே நீளமான மரக் கைப்பிடி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை மேலும் கீழும் அசைத்தால் உள்ளேயிருக்கும் பெரிய தோல் துருத்தி நிறையும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கைப்பிடியைப் பிடித்தவர் ராவுத்தரண்ணன். முன்பு அந்த வேலை செய்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகமில்லாமல் போகவே, பக்கத்துக் கிடங்கிலிருந்து பலசாலி ஒருவரை அனுப்பும்படி யாரோ கேட்டிருக்கிறார்கள். வந்தவர் அப்படியே நிலைத்துவிட்டார்.

"உங்க பள்ளிவாசல்ல ஒண்ணும் சொல்லலையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேட்டாங்க. காத்து படைச்சவன் குடுக்குறது, நான் கோரி அள்ளிக் குடுக்குறேன், அவ்வளவுதான்னு சொன்னேன். பின்ன யாரும் கேக்கல."

சனிக்கிழமை பிற்பகல்களில் வகுப்பு முடிந்ததும் போய்விடுவேன். அவரும் கிடங்கிலிருந்து முதுகில் மிளகுத் தூசியோடு வந்துவிடுவார். ஆரம்பத்தில் நான் ஆறு குமிழ்களையும் இழுத்து விட்டுத்தான் வாசித்தேன். சத்தம் நிறைய வந்தால் நன்றாக வாசிக்கிறோம் என்று எண்ணம். இரண்டாவது அடியில் குரல் தொய்ந்து, தாகத்தில் வறண்ட தொண்டை மாதிரி இழுத்து, நின்றுவிடும்.

"அந்த முன்குழல் குமிழ் காத்து திங்கிறது, கேட்டோ," என்று பின்னாலிருந்து சத்தம் வரும். "அந்த வெள்ளக்கார அம்மை இத கடைசி அடிக்கு மாத்திரம்தான் இழுக்கும். தொடங்கும்போ ரெண்டு மதி, போதும்."

துருத்தியின் மேலிருந்து ஒரு நூல் வந்து, அதன் முனையில் ஈயக்குண்டு ஒன்று தொங்கும். துருத்தி நிறைந்தால் குண்டு கீழே இறங்கும். காலியானால் மேலே ஏறும். அதன் பக்கத்தில் மரத்தில் இரண்டு கோடுகள். குண்டை அந்த இரண்டு கோடுகளுக்குள் வைத்திருப்பதுதான் அவருடைய வேலை. அதனால் பாட்டுகளை அவர் தெரிந்துவைத்திருந்த முறையே வேறு. அந்த அம்மாள் ஆராதனைக்கு முன்னும் பின்னும் வாசிக்கும் சிறு இசைகள் கொண்ட ஒரு புத்தகத்தை விட்டுப் போயிருந்தார். அதிலிருந்து ஒன்றை நான் தடவித் தடவி வாசிப்பேன். நாலு அடி போனதும் அவர் சொல்லிவிடுவார்: "இது கல்யாணத்துக்கு உள்ளது. நடுவுல ஒரு எடத்துல நான் ஓடணும்." இன்னொன்று: "இது மையத்துக்கு, சாவுக்கு வாசிக்கிறது. இதுல கை வலிக்காது, நெஞ்சு வலிக்கும்." அவருக்கு ராகம் தெரியாது, எழுத்தும் தெரியாது. நான் வேகமாக வாசிக்கிறேனா மெதுவாக வாசிக்கிறேனா என்று மட்டும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது. முன்பு நாற்பது தடவை அசைத்து முடிந்த பாட்டு இப்போது அறுபது கேட்கிறது என்பார். மறுபடி வாசிப்பேன்.

புடைவை கட்டிக்கொண்டு காலால் வாசிப்பது இன்னொரு பாடு. கொசுவம் கட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். நான் அதை ஒரு சாண் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு உட்கார்ந்தேன். சபைக்கு என் முதுகும் குதிகாலும்தான் தெரியும். அது சிலருக்கு உறுத்தியது போல. போதகர் வந்து, "ஒரு திரை போட்டுருவோமா?" என்று தயங்கினார். "திரை போட்டா எனக்குக் காத்து வராதுய்யா, வேர்த்துக் கொட்டும்," என்றேன். அத்தோடு விட்டுவிட்டார். வெறுங்கால் நல்லதாகவே போயிற்று. பாதத்தின் அடியில் எந்தக் கட்டை என்று குனிந்து பார்க்காமலே தெரிய ஆரம்பித்தது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து எங்கள் பிற்பகல் ஆராதனையில் வாசித்தேன். ஞானப்பாட்டுகள் பரவாயில்லை. அவை மேல்நாட்டு மெட்டுகள், ஆர்கனுக்கென்றே பிறந்தவை. சபையும் கம்பீரமாகப் பாடியது. அடுத்து ஒரு கீர்த்தனை. அதற்கும் நான் அதேபோல இரண்டு கையிலும் ஸ்வரங்களை அடுக்கி அடுக்கி வாசித்தேன். பாட்டுத் தலைவர் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் என் குழல்கள் படிக்கட்டு போல நின்றன. அவர் தாளத்தை எடுத்துக்கொண்டு முன்னே போனார், நான் பின்னே போனேன். மிருதங்கக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். இரண்டாம் சரணத்தில் பாட்டுத் தலைவர் பாட்டையே நிறுத்தினார்.

"என்னம்மா இது? பாட்டுக்குப் பொறத்த கப்பல் வந்து ஊதுன மாதிரில்லா இருக்கு?"

பின்வரிசையில் சிரித்தார்கள். மீதியை அவர் ஆர்கன் இல்லாமல் பாடி முடித்தார். நான் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய், மலைக்கே போகட்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். கப்பைக் கிழங்கை வேகவைத்து மீன் குழம்போடு எனக்குத் தட்டில் போட்டார். அவர் சமைத்தது அன்றுதான் முதல் தடவை. கப்பை சரியாக வேகவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். விடாத மழை. ராவுத்தரண்ணன் வழக்கம் போல வந்து கைப்பிடியில் நின்றிருந்தார். வந்தவரை அனுப்புவானேன் என்று ஒரே ஒரு பாட்டு வாசிக்க உட்கார்ந்தேன். காலை ஒரு கட்டையில் வைத்து எடுத்தேன். கட்டை மேலே வந்துவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

மழை ஈரத்தில் மரம் ஊதிப்போய் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, மண்டியிட்டு, கட்டையைத் தட்டினேன், ஆட்டினேன். அந்த ஒற்றைச் சத்தம் அடியில் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்தவா?" என்றார் அவர்.

"வேண்டாம் அண்ணே, ஊதிக்கிட்டே இருங்க. எங்க மாட்டிருக்குன்னு பாக்கணும்."

அந்த நேரத்தில் பாட்டுத் தலைவர் உள்ளே வந்தார். போன வாரம் விட்டுப்போன குடையை எடுக்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். நான் கட்டைகளுக்கு அடியில் குனிந்துகொண்டேன். அவர் கடைசிப் பெஞ்சுக்குப் போய்க் குடையைத் தேடினார். தேடிக்கொண்டே, தன்னை அறியாமல், மெல்ல முனக ஆரம்பித்தார்.

அவர் பிடித்தது சரியாக அந்தச் சுருதி. பாடுகிறவர்கள் இரண்டு கட்டை என்று சொல்கிற சுருதி. முதலில் ஒரு நீண்ட ஸ்வரம். பிறகு அதிலிருந்து மேலே ஏறி, சுற்றி, அதிலேயே வந்து இறங்கினார். குடை கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, நான் போன வாரம் நாசமாக்கிய அதே கீர்த்தனையின் பல்லவியைப் பாடினார். அந்தக் கல் கட்டடத்தில், மழைச் சத்தத்துக்கு நடுவே, அவர் குரலுக்கு அடியில் அந்த ஒற்றைக் குழல் ஜமுக்காளம் விரித்த மாதிரி இருந்தது.

நான் எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னொரு காலை எடுத்து அதன் பஞ்சமத்தில் வைத்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை.

முடிந்ததும் துருத்தி நின்றது. பின்னாலிருந்து ராவுத்தரண்ணன், "இதுக்குக் காத்தே வேண்டாம் டீச்சரே, நாள் முழுக்க நிக்கலாம்," என்றார்.

பாட்டுத் தலைவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அந்தக் கட்டய ரிப்பேர் பண்ணிராதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரிப்பேர் பண்ணாமல் முடியாது. எல்லாப் பாட்டுக்கும் ஒரே சுருதி ஊதிக்கொண்டிருந்தால் மற்ற எதையும் வாசிக்க வழியில்லை. போதகரிடம் கேட்டு, மரப்பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றினோம். உள்ளே ஒவ்வொரு குழலுக்கும் ஒரு சின்ன மரக்கதவு. கட்டையை அழுத்தினால் ஒரு மெல்லிய மரச்சட்டம் அந்தக் கதவை இழுத்துத் திறக்கும், காற்று குழலுக்குள் ஏறும். விட்டால் கம்பிச் சுருள் அதைச் சாத்தும். ஊதிப்போய் மாட்டியிருந்த சட்டத்தைத் தேய்த்து விடுவித்தோம். கதவின் முகத்தில் ஒட்டியிருந்த தோல் பல இடங்களில் கெட்டுப்போய்ப் பப்படம் போல இருந்தது. பூச்சி அரித்த ஓட்டைகளும் இருந்தன. அத்தனை வருஷமாக எவ்வளவு காற்று வீணாகப் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் கோரிக் குடுத்ததுல பாதி இங்கதான் போச்சா?" என்று ராவுத்தரண்ணன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவரும் அதன் உள்ளே பார்த்ததில்லை.

அவரே கடைவீதியில் தோல் வியாபாரி ஒருவரிடம் சொல்லி, கன்னத்தில் வைத்தால் துணி போலிருக்கும் மிருதுவான ஆட்டுத்தோல் கொண்டுவந்தார். தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையை நான் வீட்டு அடுப்பில் காய்ச்சினேன். அந்த நாற்றம் எங்கள் படுக்கையறை வரை போயிற்று. என் வீட்டுக்காரர் அலுவலகக் கோப்புகளில் எழுதுவது போல ஒவ்வொரு கதவுக்கும் பென்சிலால் எண் போட்டு, கழற்றிய வரிசை மாறாமல் தாளில் அடுக்கி வைத்தார். நான் தோலை வெட்டினேன். ராவுத்தரண்ணன் ஒட்டினார். மூட்டை தூக்கித் தடித்த அந்த விரல்கள் பசையைத் தடவும்போது ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. ஆகஸ்டும் செப்டம்பரும் சனிக்கிழமைகள் இப்படியே போயின. ஓணத்துக்குப் பிறகு திரும்பப் பூட்டி, காற்றை நிறைத்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்தினோம். ஈயக்குண்டு முன்பு மாதிரி அவசரமாக மேலே ஏறவில்லை. அவர் கைப்பிடியை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டுத் தலைவர் அக்டோபரிலிருந்து தானாகவே வர ஆரம்பித்தார். வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னைக்கு ரெண்டு கட்டை வேண்டாம், ஒண்ணரை வைங்க, தொண்ட சரியில்ல," என்பார். நான் கீர்த்தனைக்கு ஸ்வரம் அடுக்குவதை விட்டுவிட்டேன். காலில் சட்ஜமும் பஞ்சமமும். கையில் ஒரே ஒரு புல்லாங்குழல் குமிழ். அதிலும் மெட்டின் எலும்பை மட்டும் தொட்டுக்கொண்டு போவேன். வளைவும் குழைவும் அவருடைய தொண்டைக்கு என்று விட்டுவிட்டேன். எந்த இடத்தில் வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் நிறைய நாள் பிடித்தது. சில நாள் அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அடுத்த வாரம் வந்துவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது கிடங்கில் சுக்கு மூட்டை ஒன்று சரிந்து ராவுத்தரண்ணனின் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பில் விரிசல். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஒரு மாதம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்தக் கட்டோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்.

"இடது கையால பண்ணிடலாம் டீச்சரே."

"முடியாதுண்ணே. கை போயிரும்."

அப்போது என் வீட்டுக்காரர் உள்ளிருந்து, "நான் பண்ணட்டுமா?" என்றார். பேனாவைத் தவிர எதையும் தூக்கிப் பழகாத மனிதர். ராவுத்தரண்ணன் அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "வாங்க சாரே," என்று கூட்டிக்கொண்டு போனார். இரண்டு சாயங்காலம் பயிற்சி. நான் பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்க, பின்னால் இந்தப் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும்: "பிடிச்சுத் தள்ளாதீங்க. பதுக்கெ, மெதுவா. உறங்குறவங்க மூச்சு விடுற மாதிரி. குண்ட நோக்குங்க, என்ன நோக்க வேண்டாம்."

கிறிஸ்துமஸ் காலையில் அந்த வருஷம் ஒரே ஆராதனை. காலை ஆராதனைக்காரர்களும் நாங்களும் சேர்ந்து. இடமில்லாமல் ஜன்னல் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ராவுத்தரண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, கட்டுப் போட்ட கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு சந்துக்குள் நுழையப் போனார். நான் தடுத்தேன்.

"அண்ணே, இன்னைக்கு நீங்க முன்னால இருங்க."

"சாருக்கு ஒண்ணும் புரியாம போனா?"

"போனா போகட்டும். இத்தனை வருஷத்துல நீங்க இத முன்னாலிருந்து கேட்டிருக்கீங்களா?"

அவர் கைப்பிடியைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயே நின்றார். போதகர்தான் அங்கியோடு வந்து, அவர் தோளில் கை வைத்து, பின்வரிசைத் தூணருகே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அம்மாள் விட்டுப்போன புத்தகத்திலிருந்து, ராவுத்தரண்ணன் கல்யாணத்துக்கு உள்ளது என்று சொன்ன இசையை முதலில் வாசித்தேன். நடுவில் ஓட வேண்டிய அந்த இடம் வந்தது. காற்று ஒரு கணம் தளர்ந்தது. சபைக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் சபையைப் பார்க்க என் எதிரே தொங்கவிட்டிருந்த சின்ன முகக்கண்ணாடியில் தூணைப் பார்த்தேன். ராவுத்தரண்ணன் இரண்டு அடி முன்னால் வந்து, இடது கையை மெல்ல உயர்த்தி, இறக்கி, உயர்த்திக்கொண்டிருந்தார். சந்துக்குள் இருந்தவரால் அதைப் பார்க்க முடியாது. ஆனாலும் காற்று திரும்பி வந்தது.

ஞானப்பாட்டு முடிந்து கீர்த்தனைக்கு வந்தோம். காலை இரண்டு கட்டைச் சட்ஜத்தில் வைத்தேன். பாட்டுத் தலைவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமாமல், அவசரப்படாமல், அந்தச் சத்தத்தின் மேல் தன் குரலை வைத்தார். மிருதங்கம் சேர்ந்தது. அனுபல்லவிக்குள் சபை முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. தமிழ் தெரியாத அந்த ஏழெட்டு வெள்ளைக்காரர்கள்கூட வாயை மூடியபடியே சுருதியை முனகிக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சரணத்தில் முன்குழல்களின் குமிழை இழுத்தேன். காற்றைத் தின்கிற குமிழ். அன்றைக்கு அது எவ்வளவு தின்றாலும் கொடுக்க என் வீட்டுக்காரர் தயாராக இருந்தார்.

முடிந்ததும் அவர் சந்திலிருந்து வேர்வையில் குளித்து வெளியே வந்து, கைப்பிடி பட்டுச் சிவந்த உள்ளங்கைகளை என்னிடம் காட்டினார். பள்ளிப் பரிசைக் காட்டுகிற பிள்ளை மாதிரி.

ராவுத்தரண்ணன் கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான் கிட்டே வந்தார். கொஞ்ச நேரம் குழல்களை அண்ணாந்து பார்த்தார்.

"பின்னால நின்னா ஓட்டுமேல மழை பெய்யிற மாதிரி கேக்கும்," என்றார். "மரம் தட்டுற சத்தம், தோல் மூச்சு விடுற சத்தம், அதுக்கு மேல எங்கேயோ பாட்டு. அதுதான் இதுன்னு நெனச்சேன். முன்னால இப்பிடியா இருக்கும்?"

ஆமாம் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது துண்டு கட்டிய கையால். அது அவருக்கு வலித்திருக்க வேண்டும்.

ஜனவரியில் கமிட்டி கூடியபோது பேச்சு நீளவில்லை. "இத மலைக்கு அனுப்பிட்டு நான் எங்க போய்ச் சுருதி சேக்க?" என்று பாட்டுத் தலைவரே கேட்டார். பிள்ளைகளுக்குப் பெஞ்சு போடப் பக்கவாட்டு வராந்தாவைத் திறந்துவிட்டார்கள். மலைக்காரர்களுக்கு மரியாதையாக ஒரு கடிதம் போயிற்று. அடுத்த ஈஸ்டரிலிருந்து எங்கள் தமிழ் ஆராதனை காலை நேரத்துக்கு மாறியது. வெயில் முதுகுப் பக்கம் போய்விட்டது.

அதன் பிறகு பதினொரு வருஷம் அங்கே வாசித்தேன். என் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் இருந்தபோது பெஞ்சைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நர்ஸ் வேலை பார்த்த இரண்டு பெண்கள் என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். அதில் ஒருத்தி கால்வரிசையில் என்னைவிடக் கெட்டிக்காரி. அறுபதுகளின் நடுவில் மின்சாரத்தில் ஓடும் காற்று மோட்டார் வந்தது. ராவுத்தரண்ணன் அதற்குள் கிடங்கில் ஆட்களை நடத்துகிற மூப்பனாகியிருந்தார். மோட்டார் வந்த அன்று சுவிட்சைப் போட்டவரும் அவர்தான். துருத்தி தானாக நிறைவதைப் பார்த்து, "நல்லதாப் போச்சு, இனி நான் எப்பவும் முன்னால இருக்கலாம்," என்றார். சொன்னபடியே பல சனிக்கிழமைகளில் வந்து தூணருகே உட்கார்ந்து நாங்கள் பயிற்சி செய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். வேகம் கூடினால் இருமுவார்.

ஒரு சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, வாசலிலேயே தயங்கி நின்றார் அந்த அம்மாள். இத்தனை வருஷமும் கணவர் வாரா வாரம் எங்கே போய் வேர்த்து வந்தார் என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். உள்ளே கூட்டிப்போய் என் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்தேன். ஒவ்வொரு குமிழாக இழுத்துக் காட்டினேன். புல்லாங்குழல் குமிழுக்கு மட்டும் தலையை ஆட்டினார்.

"இதுல எங்க பாட்டு வருமா?" என்று கேட்டார்.

"எந்தப் பாட்டு?"

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். ராவுத்தரண்ணன் தூணில் சாய்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, தன் பிள்ளைகளுக்குப் பாடிய ஒரு தாலாட்டை எடுத்தார். பாலக்காட்டுத் தமிழ். நான் கேட்டே இராத மெட்டு. ஒரு விரலால் தேடினேன். முதல் அடியைப் பிடிப்பதற்குள் அவர் இரண்டாவதுக்குப் போய்விட்டார்.

"அங்க இல்ல டீச்சரே, கொஞ்சம் கீழ," என்று என் விரலைப் பிடித்து இரண்டு கட்டை தள்ளி வைத்தார். அந்த இடம் சரியாக இருந்தது. "இனி முதல்ல இருந்து வாங்க," என்று சொல்லி, மறுபடியும் பாடத் தொடங்கினார்.